நாஜிக் கொலைகாரர்கள் தண்டனையிலிருந்து தப்பியது எப்படி?

போலந்தில் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் முகாமில் மட்டும் பதினோரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அந்த முகாம் இயங்கிய ஐந்தாண்டுகளில் அங்கே மாறி மாறி வேலை பார்த்த எஸ்.எஸ். (நாஜிக் கட்சியின் தனிப்படை) ஆட்கள் சுமார் 8,000 பேர். போர் முடிந்த பிறகு ஏதாவது ஒரு நாட்டின் நீதிமன்றக் கூண்டில் ஏறியவர்கள் அவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். சிலர் போரிலேயே செத்திருந்தார்கள். மீதிப் பேர் வீட்டுக்குப் போய், வேலை தேடி, பென்ஷன் வாங்கி, வயதாகி இறந்தார்கள்.

தப்பிய நாஜிகள் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சினிமாக் காட்சிகள்: நள்ளிரவில் கிளம்பும் நீர்மூழ்கிக் கப்பல், தங்கக் கட்டிகள், 'ஒடெஸா' என்ற ரகசிய இயக்கம், தென் அமெரிக்கக் காட்டுக்குள் ஒரு பங்களா. எல்லோரையும் தப்ப வைத்த அப்படி ஒரே தலைமைச் சங்கம் இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்றுதான் இன்றைய வரலாற்றாய்வாளர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். இருந்தவை சின்னச் சின்ன வலைப்பின்னல்கள். பழைய படைத் தோழர்கள், சில பாதிரியார்கள், கைநீட்டும் குமாஸ்தாக்கள், கண்டும் காணாத அதிகாரிகள். நடந்தது முழுக்க ஆபீஸ் வேலை. ஒரு விண்ணப்பம், ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை, அப்புறம் ஒரு கப்பல் டிக்கெட்.

ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் எல்லோரையும் விசாரித்துவிட்டார்களே என்று தோன்றலாம். அங்கே 1945 நவம்பர் 20 முதல் 1946 அக்டோபர் 1 வரை நடந்த முதல் விசாரணையில் தீர்ப்பு வந்தது 22 பேருக்கு. பன்னிரண்டு பேருக்குத் தூக்கு, ஏழு பேருக்குச் சிறை, மூன்று பேருக்கு விடுதலை. பிறகு அதே நகரில் அமெரிக்கர்கள் மேலும் 12 வழக்குகளை நடத்தி மருத்துவர்கள், நீதிபதிகள், தொழிலதிபர்கள், படுகொலைப் படைத் தளபதிகள் என்று 177 பேரை விசாரித்தார்கள். மற்ற நேச நாடுகளும் போலந்து போன்ற நாடுகளும் தனித்தனியே ஆயிரக்கணக்கானோரைத் தண்டித்தன. உலகம் அதற்கு முன் பார்த்திராத முயற்சி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அறுபது லட்சம் யூதர்களைக் கொல்ல எத்தனை கைகள் தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்தால், பிடிபட்டவர்களின் எண்ணிக்கை எவ்வளவு சின்னது என்பது புரியும்.

கையில் இருந்தும் நழுவியவர்கள்

1945 கோடைக்கால ஜெர்மனியில் அரசாங்கம் என்று ஒன்று இல்லை. கோடிக்கணக்கான மக்கள் ஊர் விட்டு ஊர் நடந்துகொண்டிருந்தார்கள். முகாம்களிலிருந்து மீண்ட யூதர்கள், அடிமை வேலைக்குக் கொண்டுவரப்பட்ட போலந்துக்காரர்கள், கிழக்கிலிருந்து துரத்தப்பட்ட ஜெர்மானியர்கள், சரணடைந்த சிப்பாய்கள் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். 'என் காகிதமெல்லாம் குண்டுவீச்சில் எரிந்துவிட்டது' என்று யார் சொன்னாலும் நம்பியே ஆக வேண்டும், ஏனென்றால் பாதிப் பேருக்கு அது உண்மை.

ஆஷ்விட்ஸில் கைதிகளை ரயில் மேடையிலேயே பிரித்து விஷவாயு அறைக்கு அனுப்பிய, குழந்தைகள்மீது பரிசோதனை நடத்திய டாக்டர் யோசெஃப் மெங்கலே அமெரிக்கப் படையிடம் சிக்கத்தான் செய்தான். எஸ்.எஸ். ஆட்களுக்கு இடது கையின் உட்புறம் ரத்த வகையைப் பச்சை குத்தும் வழக்கம் இருந்தது. அதை வைத்துத்தான் அவர்களைப் பிரித்தெடுத்தார்கள். மெங்கலே பச்சை குத்திக்கொள்ளவில்லை. தேடப்படுபவர் பட்டியலில் அவன் பெயர் இருந்தது, ஆனால் அந்தப் பட்டியல் அவனை அடைத்து வைத்திருந்த போர்க்கைதி முகாமின் அதிகாரிகள் கண்ணில் படவில்லை. சில வாரங்களில் விடுதலை! அப்புறம் பவேரியாவில் ஒரு பண்ணையில் வேறு பெயரில் உருளைக்கிழங்கு தோண்டியபடி 1949 வரை ஒளிந்திருந்தான்.

யூதர்களை ரயில் ரயிலாகச் சாவுக்கு அனுப்பிய ஏற்பாட்டை நடத்திய அடோல்ஃப் ஐக்மனும் இப்படித்தான். போலிப் பெயரில் அமெரிக்கர்களின் போர்க்கைதி முகாமில் இருந்தான். நூரம்பர்க்கில் சாட்சிகள் அவன் பெயரைச் சொல்ல ஆரம்பித்ததும் 1946 தொடக்கத்தில் முகாமிலிருந்து நழுவி, வடக்கு ஜெர்மனியில் மரம் வெட்டினான், கோழி வளர்த்து முட்டை விற்றான். நான்கு வருஷம் யாரும் அவனைக் கேட்கவில்லை.

காகிதம் காகிதத்தைப் பிறப்பித்த விதம்

ஜெர்மனியிலோ ஆஸ்திரியாவிலோ ஒளிந்திருந்தவன் முதலில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குள் நுழைய வேண்டும். மலைக் கணவாய் தாண்டியதும் வருவது தென் டிரோல் என்ற பகுதி. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பூட்டைத் திறந்த சாவி இங்கேதான் கிடைத்தது.

தென் டிரோல் இத்தாலிக்குள் இருந்தாலும் அங்கே பெரும்பாலோர் பேசுவது ஜெர்மன். 1939-இல் ஹிட்லரும் முசோலினியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அந்த மக்களில் பலர் ஜெர்மனியைத் தேர்ந்தெடுத்து இத்தாலியக் குடியுரிமையை இழந்தார்கள். போர் முடிந்ததும் அவர்கள் எந்த நாட்டையும் சேராதவர்கள் ஆகிவிட்டார்கள். நாடற்றவர்களுக்குப் பயண ஆவணம் கொடுக்கும் பொறுப்பைச் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம் ஏற்றிருந்தது. ஜெர்மன் மட்டுமே பேசத் தெரிந்த ஓர் எஸ்.எஸ். அதிகாரிக்கு இதைவிட வசதியான வேடம் உண்டா? 'நான் தென் டிரோலில் பிறந்தவன், நாடற்றவன்' என்றால் போதும், பேசும் மொழியும் சந்தேகம் கிளப்பாது.

டெர்மேனோ என்ற சிற்றூரின் பெயரில் அடையாள அட்டைகள் கிடைத்தன. ஐக்மன் அங்கே 'ரிக்கார்டோ கிளெமென்ட்' ஆனான். மெங்கலே 'ஹெல்முட் கிரகோர்' ஆனான், அதுவும் அதே ஊரின் அட்டைதான். கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்துப் போட்டுவிட்டால் தாலுகா ஆபீஸில் மறுகேள்வி வராது என்று நம்மூரில் தெரியும் அல்லவா, அதே கணக்குதான். ஊராட்சி அட்டையைக் காட்டினால் ஜெனோவாவிலோ ரோமிலோ செஞ்சிலுவைச் சங்க ஆவணம். கூடவே ஒரு பாதிரியாரின் பரிந்துரை இருந்தால் வேலை சுலபம். ஐக்மனுக்கு ஜெனோவாவில் கையெழுத்துப் போட்டவர் எடோவார்டோ டோமோட்டர் என்ற பிரான்சிஸ்கன் துறவி. செஞ்சிலுவை ஆவணத்தைக் காட்டி அர்ஜென்டினா விசா, விசாவைக் காட்டி கப்பல் டிக்கெட். 1950 ஜூலை 14 அன்று 'ரிக்கார்டோ கிளெமென்ட்' பியூனஸ் அயர்ஸில் இறங்கினான்.

செஞ்சிலுவைச் சங்கம் போருக்குப் பின் இப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களைக் கொடுத்தது. மிகப் பெரும்பாலானவை நிஜமான அகதிகளுக்கு. விண்ணப்பித்தவரின் கதையைச் சரிபார்க்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. முகாமிலிருந்து மீண்ட யூதரும் அவரைக் கொல்லப் பார்த்த காவலனும் ஒரே வகைக் காகிதத்தோடு கப்பல் ஏறிய காலம் அது.

பாதிரியார்கள் எல்லோரும் ஏமாந்து கையெழுத்துப் போட்டவர்கள் என்று சொல்ல முடியாது. ரோமில் ஜெர்மன் பேசும் பாதிரியார்களுக்கான கல்லூரியின் தலைவராக இருந்த பிஷப் அலோய்ஸ் ஹூடால் தெரிந்தேதான் செய்தார். தேடப்பட்டவர்களைப் பொய்க் காகிதங்கள் மூலம் தப்ப வைக்க முடிந்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லியே நினைவுக்குறிப்பு எழுதிவைத்தார். சோபிபோர், டிரெப்லிங்கா கொலை முகாம்களின் தளபதியாக இருந்த ஃபிரான்ஸ் ஸ்டாங்ல் ஆஸ்திரியச் சிறையிலிருந்து 1948-இல் வெளியேறி நேராக வந்து நின்றது இவரிடம்தான். போப்புக்கு எவ்வளவு தெரியும் என்பது நெடுநாள் சர்ச்சை. பன்னிரண்டாம் பயஸ் காலத்து வத்திக்கான் ஆவணங்கள் 2020-இல்தான் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன.

வரவேற்ற நாடு

அர்ஜென்டினா ஏன்? 1946-இல் அதிபரான ஹுவான் பெரோனுக்கு விமானப் பொறியாளர்களும் ராணுவ நிபுணர்களும் தேவைப்பட்டார்கள். நூரம்பர்க் விசாரணையையே அவர் கேவலம் என்று கருதினார். முன்னாள் எஸ்.எஸ். கேப்டனும் அர்ஜென்டினாவில் பிறந்தவனுமான கார்லோஸ் ஃபுல்ட்னர் போன்றவர்கள் ஆள் திரட்டும் வேலையைச் செய்தார்கள். வந்தவர்களுக்கு வேலை கொடுக்க ஒரு கம்பெனியே நடந்தது, அதில்தான் ஐக்மனுக்கும் முதலில் சம்பளம். இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஹிட்லரிடமிருந்து தப்பி ஓடிவரும் யூதர்களுக்கு விசா கொடுக்காதே என்ற பொருளில் 1938-இல் அர்ஜென்டினா வெளியுறவுத் துறை ஒரு ரகசிய உத்தரவு போட்டது. அந்த உத்தரவு முறைப்படி ரத்தானது 2005-இல்!

போய்ச் சேர்ந்தவர்கள் காட்டில் ஒளியவில்லை. ஸ்டாங்ல் சிரியா வழியாகப் பிரேசில் போய், சொந்தப் பெயரில் ஆஸ்திரியத் தூதரகத்தில் பதிந்துகொண்டு, சாவ் பாலோவின் ஃபோக்ஸ்வாகன் ஆலையில் வேலை பார்த்தான். 1967-இல்தான் பிடித்தார்கள். மெங்கலே ஒரு படி மேலே போனான். 1956-இல் பியூனஸ் அயர்ஸில் இருந்த மேற்கு ஜெர்மனித் தூதரகத்துக்கே போய், 'நான்தான் யோசெஃப் மெங்கலே' என்று சொல்லி, சொந்தப் பெயரில் ஆவணம் வாங்கினான். கொடுத்தார்கள். பிற்பாடு பராகுவே, பிரேசில் என்று இடம் மாறி, 1979-இல் பிரேசில் கடற்கரையில் நீந்தும்போது பக்கவாதம் வந்து மூழ்கி இறந்தான். வேறொருவர் பெயரில் புதைக்கப்பட்ட அவன் எலும்புகளை 1985-இல் தோண்டி எடுத்தார்கள். 1992-இல் மரபணுச் சோதனை அதை உறுதி செய்தது. ஒரு நாள்கூடச் சிறையில் தண்டனை அனுபவிக்கவில்லை.

வென்றவர்களின் பேரம்

இதுவரை பார்த்தது கவனக்குறைவும் கள்ளத்தனமும். அடுத்தது தெரிந்தே செய்தது.

பிரான்ஸின் லியோன் நகரில் கெஸ்டபோ என்ற நாஜி ரகசியப் போலீஸின் தலைவனாக இருந்த கிளாஸ் பார்பி, பிரெஞ்சு விடுதலைப் போராட்டத் தலைவர் ழான் மூலேனைச் சித்திரவதை செய்தவன். இசியூ என்ற ஊரில் ஒளிந்திருந்த 44 யூதக் குழந்தைகளைப் பிடித்துச் சாவுக்கு அனுப்பியவன். அமெரிக்க ராணுவத்தின் எதிர்உளவுப் பிரிவு 1947-இல் அவனைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது. அப்போது எதிரி சோவியத்தும் கம்யூனிஸ்டுகளும். கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அனுபவம் பார்பிக்கு இருந்தது. பிரான்ஸ் அவனைக் கேட்டபோது, இருக்கும் இடம் தெரியாது என்று கைவிரித்தார்கள். 1951-இல் குரோவேஷியப் பாதிரியார் குருனோஸ்லாவ் டிராகனோவிச்சின் உதவியோடு ஜெனோவா வழியாகப் பொலிவியாவுக்கு அனுப்பிவைத்ததும் அமெரிக்கர்கள்தான். முப்பது வருஷம் கழித்து, 1983-இல் பார்பியைப் பொலிவியா வெளியேற்றியபோது, அமெரிக்க நீதித்துறை தானே விசாரித்து இதையெல்லாம் ஒப்புக்கொண்டது. பிரான்ஸிடம் மன்னிப்பும் கேட்டது. 1987-இல் ஆயுள் தண்டனை. 1991-இல் சிறையில் இறந்தான்.

விஞ்ஞானிகள் கதை எல்லோருக்கும் தெரிந்தது. 1,600-க்கும் மேற்பட்ட ஜெர்மானிய நிபுணர்களை அமெரிக்கா அழைத்துப் போனது. நிலாவுக்கு மனிதனை அனுப்பிய ராக்கெட்டை வடிவமைத்த வெர்னர் ஃபான் பிரவுன் எஸ்.எஸ். உறுப்பினராக இருந்தவர். அவருடைய வி-2 ஏவுகணைகளைச் செய்த டோரா முகாமில் சுமார் 20,000 கைதிகள் இறந்தார்கள். சோவியத்தும் தன் பங்குக்கு ஜெர்மானிய நிபுணர்களை அள்ளிப் போனது.

ஆசியாவில் நடந்தது இதைவிட அப்பட்டம். மஞ்சூரியாவில் உயிரோடு இருந்த மனிதர்கள்மீது நோய்க்கிருமிப் பரிசோதனை நடத்திய ஜப்பான் ராணுவத்தின் 731-ஆம் பிரிவின் தலைவன் ஷிரோ இஷீ, தன் ஆய்வுத் தகவல்களை அமெரிக்காவிடம் கொடுத்து, பதிலுக்கு வழக்கில்லாமல் தப்பினான். 1959-இல் சொந்த நாட்டில் இறந்தான். ஜப்பானின் போர்க்காலப் பிரதமர் டோஜோவின் அமைச்சரவையில் இருந்த நொபுசுகே கிஷி மூன்றாண்டுகள் சுகாமோ சிறையில் இருந்தார். டோஜோவும் மற்ற ஆறு பேரும் தூக்கிலிடப்பட்ட மறுநாள், 1948 டிசம்பர் 24 அன்று, விசாரணையே இல்லாமல் வெளியே வந்தார். 1957-இல் பிரதமர்.

சிங்கப்பூரில் 1942-இல் சீனர்களைப் பொறுக்கிக் கொன்ற படுகொலைக்குத் திட்டம் போட்ட மசனொபு சுஜி, போர் முடிந்ததும் பாங்காக்கில் பௌத்த பிக்கு வேடம் போட்டான். கொல்லப்பட்டோர் ஜப்பான் தரப்புக் கணக்கில் சுமார் 5,000, சிங்கப்பூர்ச் சீனர்களின் கணக்கில் 50,000. சுஜி அங்கிருந்து சீனா, பிறகு ரகசியமாக ஜப்பான். வழக்கு இல்லை என்று ஆனதும் வெளியே வந்து, தப்பிய கதையைப் புத்தகமாக எழுதி விற்று, 1952-இல் நாடாளுமன்றத்துக்கும் தேர்வானான். 1961-இல் லாவோஸுக்குப் பயணம் போனவன் திரும்பவில்லை.

தமிழர்களுக்கு நேரடித் தொடர்புள்ள குற்றமும் இதில் ஒன்று உண்டு. 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில்பாதை போட மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் செத்தார்கள். அந்தப் பாதை தொடர்பாகப் பிரிட்டிஷார் நடத்திய வழக்குகள் பெரும்பாலும் வெள்ளைப் போர்க்கைதிகளுக்கு நடந்ததைப் பற்றியவை. போர்க்கைதிக்கு ராணுவப் பதிவேடு உண்டு, நாட்குறிப்பு எழுதிய அதிகாரி உண்டு, திரும்பி வந்தால் வாக்குமூலம் வாங்க ஆள் உண்டு. தோட்டத் தொழிலாளிக்கு இதில் எதுவும் இல்லை. சாட்சி இல்லாத குற்றம் என்று ஒன்றைச் செய்துவிட்டால் தப்புவதற்குக் கப்பலே தேவையில்லை.

ஓட வேண்டிய அவசியமே இல்லாதவர்கள்

சரி, ஜெர்மனியிலேயே தங்கிவிட்டவர்கள்? என் பார்வையில் இந்தக் கதையின் கனமான பகுதி இதுதான், இதைத்தான் படங்களில் காட்டுவதில்லை.

போருக்குப் பின் ஜெர்மனியில் அமெரிக்கப் படை ஆண்ட பகுதியில் வயதுவந்த எல்லோரும் ஒரு கேள்விப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது: கட்சியில் இருந்தாயா, என்ன பதவி, எவ்வளவு சம்பளம். பக்கத்து வீட்டுக்காரரும் பாதிரியாரும் 'இவர் நல்லவர், வேறு வழியில்லாமல் சேர்ந்தார்' என்று எழுதிக் கொடுத்தார்கள். நேற்று நீ எனக்கு எழுதினாய், இன்று நான் உனக்கு. மலைபோலக் குவிந்த படிவங்களை முடித்தால் போதும் என்று ஆனது. பெரும்பாலோர் 'கூட்டத்தோடு போனவர்' என்ற இலேசான வகையில் சேர்க்கப்பட்டார்கள்.

1949-இல் மேற்கு ஜெர்மனி தனி நாடானது. அதே ஆண்டிலேயே ஒரு பொதுமன்னிப்புச் சட்டம், 1954-இல் இன்னொன்று. 1951-இல் பழைய அரசு ஊழியர்கள் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பச் சட்டம் வந்தது. 1950-இல் கொரியப் போர் வெடித்ததும் சோவியத்துக்கு எதிராக ஜெர்மானியப் படை தேவை என்று அமெரிக்கா முடிவு செய்தது. கிழக்கில் யூதர்களைக் குழிவெட்டிச் சுட்ட படுகொலைப் படைத் தளபதிகளில் 14 பேருக்கு நூரம்பர்க்கில் தூக்குத் தண்டனை விதித்திருந்தார்கள். 1951-இல் நிஜமாகத் தூக்கில் போட்டது நான்கு பேரை. மற்றவர்களின் தண்டனை குறைந்துகொண்டே போய், 1958-க்குள் அந்த வழக்கில் ஒருவரும் சிறையில் இல்லை.

யூதர்களின் குடியுரிமையைப் பறிக்க நாஜிகள் போட்ட நூரம்பர்க் சட்டங்களுக்கு உரை எழுதிய ஹன்ஸ் க்ளோப்கே, பிரதமர் அடேனவரின் அலுவலகத்துக்கே பத்தாண்டுகள் தலைமை வகித்தார். 1944 ஆகஸ்ட்டில் வார்சாவின் வோலா பகுதியில் சில நாட்களுக்குள் பல்லாயிரம் பொதுமக்களைக் கொன்ற படைகளுக்குத் தலைமை தாங்கிய ஹைன்ஸ் ரைனஃபார்த், ஸில்ட் என்ற சுற்றுலாத் தீவில் வெஸ்டர்லாந்து நகர மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மாநிலச் சட்டமன்றத்துக்கும் போனார். அவரை ஒப்படைக்கும்படி போலந்து கேட்டுப் பார்த்தது, பலனில்லை. 1979-இல் கௌரவமாக இறந்தார். ஒளிந்து வாழ்ந்தவர் என்று இவரை எப்படிச் சொல்வது?

சட்டமும் கைகொடுத்தது. மேற்கு ஜெர்மனியின் குற்றவியல் சட்டத்தில் பெரும்பாலான குற்றங்களுக்குக் காலவரம்பு உண்டு. 1960-இல் போர்க்காலக் கொலைகளில் திட்டமிட்ட, கொடூரமான கொலை தவிர மற்றவை காலாவதியாகிவிட்டன. 1968-இல் பார்வைக்கு அப்பாவியான ஒரு சட்டத்திருத்தம் வந்தது, அபராதங்கள் தொடர்பான சட்டத்துக்குள் ஒரு வரி. கொலைக்கு உடந்தையாக இருந்தவருக்குச் சொந்தமான இனவெறியோ கீழான நோக்கமோ இருந்ததாக நிரூபிக்க முடியாவிட்டால் தண்டனை குறையும் என்றது அந்த வரி. தண்டனை குறைந்தால் காலவரம்பும் குறையும். குறைந்தால் அது 1960-லேயே முடிந்துபோனதாகிவிடும். மேஜையில் உட்கார்ந்து உத்தரவுகளில் கையெழுத்திட்ட பெர்லின் அதிகாரிகள்மீது தயாராகிக்கொண்டிருந்த பெரிய வழக்கு அப்படியே சரிந்தது. அந்தச் சட்டவேலைக்குப் பொறுப்பாக நீதி அமைச்சகத்தில் இருந்த எடுவார்ட் டிரேயர், நாஜி காலச் சிறப்பு நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞராக இருந்தவர். தவறா திட்டமா என்பது இன்றும் தீராத வாதம்.

துரத்தியவர்கள்

மேற்கு ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத் தலைமை அரசு வழக்கறிஞர் ஃபிரிட்ஸ் பாயர் ஒரு யூதர். 1933-இல் முகாமில் அடைபட்டு, பின்னர் டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் தப்பியவர். 1957-இல் அர்ஜென்டினாவிலிருந்து பார்வையிழந்த ஒருவரின் தகவல் அவருக்கு வந்தது. தன் மகளிடம் பழகிய பையன் தன் குடும்பப் பெயர் ஐக்மன் என்கிறான் என்றது தகவல். அப்பா பெயரை மாற்றிக்கொண்டான், பிள்ளைகள் மாற்றவில்லை! பாயர் தன் நாட்டு அதிகாரிகளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஐக்மனுக்கே எச்சரிக்கை போய்விடும் என்று பயந்து, ரகசியமாக இஸ்ரேலிடம் கொடுத்தார். இஸ்ரேலியர்களும் முதலில் அலட்சியம் செய்தார்கள், அது வேறு கதை. 1960 மே 11 அன்று பியூனஸ் அயர்ஸ் புறநகரில் வேலை முடித்துப் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்துபோன ஐக்மனை இஸ்ரேலியர்கள் கடத்திப் போனார்கள். 1961-இல் ஜெருசலேமில் விசாரணை, 1962-இல் தூக்கு.

1963-இல் பாயர் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஆஷ்விட்ஸ் வழக்கைத் தொடங்கினார். கொலைக்கென்றே ஓடிய ஓர் இயந்திரத்தில் என்ன வேலை பார்த்திருந்தாலும் கொலையில் பங்குண்டு என்பது அவர் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. எந்தக் காவலன், எந்த நாளில், யாரைக் கொன்றான் என்று நிரூபிக்கச் சொன்னது. தப்பிப் பிழைத்தவர்களே சில பேர்; அவர்களில் யார் தேதி குறித்து வைத்திருப்பார்கள்? 1965 தீர்ப்பில் 17 பேருக்குத் தண்டனை, மூன்று பேர் விடுதலை. 1969-இல் உச்ச நீதிமன்றமும் அதே அளவுகோலையே உறுதி செய்தது. அடுத்த நாற்பது வருஷம் நூற்றுக்கணக்கான முகாம் காவலர்கள்மீது வழக்கே போட முடியாமல் போனதற்கு முக்கியக் காரணம் இது.

பாயர் 1968-இல் இறந்தார். அவர் வாதத்தை ஒரு ஜெர்மானிய நீதிமன்றம் வெளிப்படையாக ஏற்றது 2011-இல், சோபிபோர் காவலனாக இருந்த ஜான் டெம்யான்யுக் வழக்கில். அதற்குப் பிறகு அதிகாரிகள் பழைய பட்டியல்களை மறுபடி திறந்தார்கள். கிடைத்தவர்கள் பெரும்பாலும் தொண்ணூறு வயதை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள். ஆஷ்விட்ஸில் கைதிகளிடம் பறித்த பணத்தை எண்ணிக் கணக்கு வைத்த ஆஸ்கர் குரோனிங்குக்கு 2015-இல் நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீடுகள் தள்ளுபடியாகி, சிறைக்குப் போக வேண்டிய நேரத்தில், 2018 மார்ச்சில் 96 வயதில் இறந்தான்.